காந்தம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான்

சித்தூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஓர் அகேட் கல்வம் இருந்தது. உள்ளங்கை அகலம், தேன் நிறம், விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு மூளி. சித்த மருத்துவர் பஸ்பம் அரைக்கிற கல்வத்துக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். நெருநெருப்பு அடங்கி மாவாகும் வரை அரைக்க வேண்டும். என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த மாணவர் ஒருவர் அதில் வெள்ளீயத் தூள், கந்தகம், துளி குரோமியம் மூன்றையும் சேர்த்து அரைத்தார். குவார்ட்ஸ் குழாயில் போட்டு, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, குழாயின் வாயைச் சுடரில் உருக்கி மூடி உலையில் வைத்தார். மூன்றாம் நாள் குழாயை உடைத்தபோது பொன்னிறச் செதில்கள் மின்னின. வெள்ளீய டைசல்பைடின் நிறமே அதுதான். பழைய ஐரோப்பிய ஓவியர்கள் தங்கப் பூச்சுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தியதுண்டு.

செதில்களை அதே கல்வத்தில் மறுபடி பொடித்து, 50 மில்லிகிராமைச் சிறு குப்பியில் அடைத்து, பேருந்தில் சென்னைக்கு எடுத்துப்போனார். காந்தத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆறு வாரம் கழித்து வரைபடம் வந்தது. நடுவில் சற்றே தடித்து, இரு முனைகளிலும் படுத்துக்கொண்ட எஸ் வடிவக் கோடு. அறை வெப்பநிலையிலேயே ஃபெர்ரோ காந்தம்! “சார், வந்துடுச்சு சார்” என்று அவர் அறைக்குள் ஓடிவந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று மாலையே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டோம்.

அனுப்பும் முன், குரோமியமே சேர்க்காத மாதிரி ஒன்றையும் அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு வேறு தேதி, வேறு பயணம், இன்னும் இரண்டு மாதம். வந்த வரைபடத்தை முந்தையதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். கோடு கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. குரோமியம் இருந்தாலும் அதே காந்தம், இல்லாவிட்டாலும் அதே காந்தம். விசாரித்தபோது, இரண்டு வருடம் முன்பு வேறொரு மாணவர் அந்தக் கல்வத்தில் நிக்கல் ஃபெர்ரைட் என்னும் காந்தப் பொருளை அரைத்தது தெரிந்தது. அமிலம் விட்டுத்தான் கழுவியிருந்தார்கள். மூளியில் தங்கியது தங்கிவிட்டது.

இந்தக் கட்டுரையை என்னை எழுத வைப்பது அந்த இரண்டாவது வரைபடம். அந்த அளவீட்டுக்கு நம் பல்கலைக்கழகங்களில் மதிப்பும் இல்லை, வசதியும் இல்லை. இரண்டும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில், எதற்காக இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் இரண்டு குடித்தனங்கள். கணக்குப் போடுவது சிலிக்கான் என்னும் குறைக்கடத்தி. அதற்கு எலெக்ட்ரானின் மின்னூட்டம் போதும். போட்ட கணக்கைத் தகட்டில் எழுதி வைப்பது காந்தம்; அதற்கு எலெக்ட்ரானின் தற்சுழற்சி வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே தகவல் போய்வருவதிலேயே நேரமும் மின்சாரமும் கரைகின்றன. ஒரே பொருள் குறைக்கடத்தியாகவும் காந்தமாகவும் இருந்துவிட்டால் இரண்டு வேலையும் ஒரே கூரைக்குக் கீழ் நடக்கும். ஜப்பானில் ஹிதேயோ ஓனோ குழுவினர் காலியம் ஆர்சனைடில் மாங்கனீசைக் கலந்து 1996-இல் இதற்கு வழி திறந்தார்கள். 2000-இல் இண்டியம் மாங்கனீசு ஆர்சனைடுப் படலம் ஒன்றின் காந்தத்தன்மையை மின்னழுத்தத்தால் மட்டுமே ஏற்றியும் இறக்கியும் காட்டினார்கள். சிக்கல் ஒன்றுதான். இவை எல்லாம் கடுங்குளிரில் நடந்தன. காலியம் மாங்கனீசு ஆர்சனைடு அன்று எட்டிய உச்சம் சுமார் 110 கெல்வின். அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 163 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனால் காந்தம் கலைந்துவிடும்.

அதே 2000-ஆம் ஆண்டு, போலந்து நாட்டு இயற்பியலாளர் தாமஸ் டீட்லும் ஓனோவும் மற்றவர்களும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். துத்தநாக ஆக்சைடிலும் காலியம் நைட்ரைடிலும் 5 சதவீதம் மாங்கனீசு சேர்த்து, நேர்மின் துளைகளை ஏராளமாக நிரப்பினால் அறை வெப்பநிலையிலும் காந்தம் நிற்கலாம் என்றது அது. ‘துளைகளை ஏராளமாக நிரப்பினால்’ என்ற நிபந்தனையைப் பலர் மறந்துவிட்டார்கள். ‘அறை வெப்பநிலை’ மட்டும் எல்லோர் மனத்திலும் ஒட்டிக்கொண்டது. உலகெங்கும் உலைகள் சூடாயின. கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன.

நம் பக்கத்திலும்தான். திருப்பதியில் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு மென்படலம் கைவந்த கலை. வெள்ளீய சல்பைடுப் படலங்களைக் கரைசல் தெளித்தே வளர்த்து, அதில் 1.3 சதவீதத் திறனுள்ள சூரிய மின்கலத்தை 2006-இல் வெளியிட்ட குழு அங்கே இருந்தது. இன்றைய அளவுகோலில் சிறிய எண்தான். ஆனால் விலை குறைந்த, நஞ்சில்லாத பொருளில் எளிய கருவிகளைக் கொண்டு எடுத்த எண் அது. அந்தப் பொருளுக்கு வெகுநாள் அதுவே உயர்ந்த அளவாகப் பேசப்பட்டது. நம் வீட்டு ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அதே வெள்ளீயம். சித்தூர், திருப்பதி, வேலூர் வட்டாரத்து மாணவர்களுக்கு இது பழகிய சரக்கு. இதில் காந்தத் தனிமம் சேர்த்துப் பார்ப்போம் என்று இறங்கியது இயல்பானது.

எங்கள் வெள்ளீய டைசல்பைடின் இன்னொரு குணம் அடுக்கு. திருப்பதிக்கு வடகிழக்கே கூடூர்ப் பக்கம் காக்காப்பொன் சுரங்கங்கள் பெயர்பெற்றவை. காக்காப்பொன்னை நகத்தால் கிள்ளினால் தாள் தாளாக உரியும். வெள்ளீய டைசல்பைடும் அப்படித்தான். கந்தகம், வெள்ளீயம், கந்தகம் என்று மூன்று அணுத் தட்டுகள் சேர்ந்தது ஒரு தாள். தாளுக்குள் கட்டு இறுக்கம். தாளுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு மட்டும். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு 0.59 நானோமீட்டர். சாதாரண ஒட்டு நாடாவால்கூட உரித்துவிடலாம்.

குறைக்கடத்தியில் அந்நிய அணுவைச் சேர்ப்பதற்கு நம் பாடநூல்கள் ‘மாசூட்டல்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. அந்தச் சொல்லை உருவாக்கியவரை நான் பல முறை மனத்துக்குள் வணங்கியிருக்கிறேன். எங்கள் துறையின் முழுச் சிக்கலும் அதற்குள் இருக்கிறது. நாம் வேண்டுமென்றே ஊட்டிய மாசு ஒன்று, நமக்குத் தெரியாமல் ஏறிக்கொண்ட மாசு ஒன்று. காந்தம் காட்டுவது எது?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இத்தகைய தூள்கள் காட்டுவதாகச் சொல்லப்படும் காந்தம் பல சமயம் கிராமுக்கு 0.001 ஈ.எம்.யு. (காந்தத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். 50 மில்லிகிராம் மாதிரி என்றால் மொத்தம் 0.00005 ஈ.எம்.யு. தூய இரும்பு ஒரு கிராமுக்குச் சுமார் 218 ஈ.எம்.யு. தரும். வகுத்தால், ஒரு மைக்ரோகிராமில் கால் பங்குக்கும் குறைவான இரும்பு போதும். கனசதுரமாக நினைத்தால் பக்கத்துக்கு 30 மைக்ரான் சொச்சம். தலைமயிரின் தடிமன்கூட அதைவிட அதிகம். நிக்கல் ஃபெர்ரைட் என்றால் ஒரு மைக்ரோகிராம் வேண்டும். எங்கள் கல்வத்தின் மூளியில் அதுபோல் எத்தனையோ மைக்ரோகிராம் ஒளிந்திருக்க இடம் உண்டு.

கல்வம் புதிதாகவே இருக்கட்டும். புட்டியின் மேல் 99.99 சதவீதத் தூய்மை என்று அச்சிட்டிருக்கும். மீதி 0.01 சதவீதம், 50 மில்லிகிராமில் 5 மைக்ரோகிராம். அதில் இருபதில் ஒரு பங்கு உலோக இரும்பாக இருந்துவிட்டால் நம் கண்டுபிடிப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இனி நாம் ஊட்டிய மாசுக்கு வருவோம். நூறு வெள்ளீய அணுக்களில் 5-ஐ எடுத்துவிட்டுக் காந்த அணுக்களை வைக்கிறோம். ஒரு தாளுக்குள் ஒவ்வோர் அணுவுக்கும் 6 அண்டை இடங்கள். அந்த ஆறிலும் இன்னொரு காந்த அணு இல்லாமல் போக 73 சதவீத வாய்ப்பு. அதாவது நான்கில் மூன்று காந்த அணுக்கள் தனிக்குடித்தனம். இவை எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டுமானால், ஒன்றின் சேதியை இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஓடும் எலெக்ட்ரான்களோ துளைகளோ நிறைய வேண்டும், அல்லது படிகக் குறைகள் பாலமாக வேண்டும். திருப்பதி வெயிலின் வெப்பக் கலக்கத்தையும் அந்தப் பிணைப்பு தாங்க வேண்டும். நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் அது பெரிய செய்தி. பெரிய செய்திக்குரிய சாட்சியத்தோடு வர வேண்டும்.

காந்த அணுக்கள் பல சமயம் நாம் சொன்ன இடத்தில் போய் உட்காருவதும் இல்லை. தம் இனத்தோடு கூடிக்கொள்ளும். கந்தகத்தோடு இரும்பைச் சேர்த்துச் சூடாக்கினால் பைரோடைட் உருவாகலாம். அது சுமார் 320 டிகிரி செல்சியஸ் வரை காந்தம் காக்கும் இயற்கைக் கனிமம். அது கலந்திருக்கிறதா என்று எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் பார்த்தோம், வேறு எந்தக் கோடும் இல்லை என்று எழுதுவார்கள். கல்லூரி ஆய்வகத்து எக்ஸ் கதிர்க் கருவி, நூற்றில் ஒன்றிரண்டு பங்குக்குக் குறைவாக இருக்கும் கலப்பைக் காட்டாது. காட்டாதது இல்லாததாகிவிடுமா?

நம் ஊர் ஆய்வகங்களில் மட்டும் நடக்கும் தவறு என்று இதை யாரும் எண்ண வேண்டாம். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரிக் குழு, காந்த அணுவே இல்லாத ஹாஃப்னியம் ஆக்சைடுப் படலம் அறை வெப்பநிலையில் காந்தம் காட்டுகிறது என்று 2004-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. மறு ஆண்டே ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அதே படலங்களைச் செய்து பார்த்தார்கள், காந்தம் இல்லை. ஆனால் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகுச் சாமணத்தால் பிடித்தபோது, அறிவிக்கப்பட்டதைப் போன்ற காந்தம் வந்துவிட்டது! அந்தச் சிறு கட்டுரையை ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம் கொடுத்து முதலில் படிக்கச் சொல்வேன்.

நம் நாட்டில் இன்னும் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு காந்தம் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த 2005-இல், பெங்களூரில் சி.என்.ஆர். ராவும் எஃப்.எல். தீபக்கும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாங்கனீசோ கோபால்ட்டோ ஊட்டிய துத்தநாக ஆக்சைடில் ஃபெர்ரோ காந்தம் இல்லை என்பதே அதன் தலைப்பு. ‘இல்லை’ என்பதைத் தலைப்பிலேயே வைத்தார்கள். அடுத்த ஆண்டு ராவும் சுந்தரேசனும் மற்றவர்களும், காந்தமற்ற ஆக்சைடுகள் நானோ துகள்களாகும்போது மேற்பரப்பில் மெலிதான காந்தம் காட்டுவதாக எழுதினார்கள். ஒரே இடத்திலிருந்து ஓர் ‘இல்லை’யும் ஓர் ‘உண்டு’ம். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. அளந்தபோது எது வந்ததோ அதைச் சொன்னார்கள்.

அடுக்குப் பொருள்களுக்குத் திரும்புவோம். 2017 ஜூனில் எங்கள் துறையே புரண்டு படுத்தது. குரோமியம் அயோடைடின் ஒற்றைத் தாள், மாசூட்டல் எதுவும் இல்லாமல், தானே காந்தமாக இருப்பதை அமெரிக்கக் குழுவினர் காட்டினார்கள். எத்தனை டிகிரி வரை? 45 கெல்வின். அதே ஆண்டில் இரும்பு ஊட்டிய வெள்ளீய டைசல்பைடுத் தாளிலும் காந்தம் அறிவிக்கப்பட்டது. எங்கள் மாணவர் தொட்ட அதே பொருள். அதன் காந்தம் கலையும் வெப்பநிலை, அதாவது கியூரி வெப்பநிலை, 31 கெல்வின். பூஜ்யத்துக்குக் கீழே 242 டிகிரி. உலகத்தின் சிறந்த கருவிகளோடு கவனமாக அளந்தவர்களுக்கு 31 கெல்வினில் கலைந்த காந்தம், நமக்குக் கல்வத்தில் அரைத்த தூளில் 300 கெல்வினில் கிடைக்கிறது என்றால், முதலில் கல்வத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஏன் சந்தேகிப்பதில்லை? மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பட்டம் வாங்கக் கட்டுரை வேண்டும். கட்டுரைக்குக் ‘கண்டுபிடிப்பு’ வேண்டும். 2016 விதிகளின்படி ஆய்வேட்டைத் தரும் முன் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நல்ல முடிவு. ஆனால் நடைமுறையில் வழிகாட்டியும் தேர்வாளரும் கேட்பது இன்னமும் “எத்தனை பேப்பர்?” என்பதைத்தான். உதவித்தொகை முடிய ஆறு மாதம் இருக்கும் மாணவரிடம் எஸ் வடிவக் கோடு ஒன்று வந்து சேர்கிறது. மறுபடி அளக்க இரண்டு மாதம் காத்திருந்து, அந்தக் கோட்டை அழித்துக்கொள் என்று சொல்ல வழிகாட்டிக்கும் மனம் வர வேண்டும். எனக்கே அது எளிதாக வரவில்லை. அந்த இரண்டாவது மாதிரியை அனுப்பாமலே விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் தயங்கினேன்.

ஆகவே சட்டமாகவே கேட்கிறேன். காந்த மாசூட்டிய பொருள் பற்றிய எந்த ஆய்வேட்டிலும், மாசு ஊட்டாத மாதிரியை அதே கல்வம், அதே குழாய், அதே உலை, அதே குப்பி வழியாகக் கொண்டுபோய் அளந்த முடிவு இருக்க வேண்டும். காலிக் குப்பியின் அளவீடும் இருக்க வேண்டும். வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போய் எடுத்த அளவீடு ஒன்றாவது வேண்டும். அறை வெப்பநிலையில் எடுத்த ஒற்றைக் கோடு எதையும் நிரூபிக்காது. காந்தம் இல்லை என்ற முடிவு முறையாக நிறுவப்பட்டால், அது முழு அத்தியாயமாக ஏற்கப்பட வேண்டும். தேர்வாளர் குழு இதை எழுத்தில் ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மறுபாதி கருவி. வழிகள் இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி மாணவர்களுக்கும் அளந்து தருகிறது. பல்கலைக்கழகத்தாருக்காகவே நடக்கும் யு.ஜி.சி.–டி.ஏ.இ. கூட்டமைப்புக்கு இந்தூரில் தாழ்வெப்பநிலைக் கருவிகளும், கல்பாக்கத்தில் ஒரு கிளையும் உண்டு. ஊட்டிய அணுவுக்கு அண்டையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க இந்தூரின் இண்டஸ்-2 ஒளிமூலம் இருக்கிறது. இவை எல்லாம் அருமையான இடங்கள். ஆனால் ஒரு முறை போவதற்கான வழியைத்தான் அவை தருகின்றன. சந்தேகம் வந்ததும் மறுநாளே போய் அளக்கும் தூரத்தில் இல்லை. சந்தேகம் இரண்டு மாதம் காத்திருந்தால் சோர்ந்துபோகும்.

திருப்பதியில் இன்று ஐ.ஐ.டி. இருக்கிறது, ஐசர் இருக்கிறது. இரண்டும் 2015-இல் வந்தவை, ஏர்பேடுப் பக்கம் வளாகம் கொண்டவை. பழைய பல்கலைக்கழகம் இருக்கிறது. சித்தூர் வரை பொறியியல் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. செமிகண்டக்டர் திட்டத்துக்கு 2021-இல் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கிய நாடு இது. குவாண்டம் திட்டத்துக்கு 2023-இல் 6,000 கோடிக்கு மேல் ஒதுக்கியது. இந்த நகரத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு காந்த அளவீட்டு மையம் கேட்பது பேராசை ஆகாது. மெலிதான காந்தத்தையும் அளக்கும் ஸ்க்விட் கருவி ஒன்று, ஹீலியத்தை வீணாக்காமல் சுழற்றிப் பயன்படுத்தும் அமைப்போடு. அதை இயக்கத் தெரிந்த நிரந்தரப் பணியாளர் இருவர். தனியார் கல்லூரி மாணவருக்கும் ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே வரிசை. மாசு ஊட்டாத ஒப்பீட்டு மாதிரிக்குக் கட்டணம் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் வலியுறுத்திக் கேட்கிறேன்.

நடக்குமா என்று கேட்பவர்கள் சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கிக்கு ஒரு முறை போய்வரட்டும். மலைகள் சூழ்ந்த சின்ன ஊர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே தேசிய எம்.எஸ்.டி. ரேடார் வந்தது. 130 மீட்டர் நீள அகலத்தில் 1,024 ஆண்டெனா இணைகள் தோட்டத்துச் செடிகள் மாதிரி வரிசையாக நிற்கும். வானத்தின் மேலடுக்குக் காற்றை 53 மெகாஹெர்ட்ஸ் அலையால் அளக்கும் கருவி. இன்று அது தேசிய வளிமண்டல ஆய்வகம். அந்தக் கருவி பக்கத்தில் வந்ததால்தான் திருப்பதிப் பல்கலைக்கழக மாணவர்கள் வளிமண்டல இயற்பியலில் ஒரு தலைமுறையாகச் சொந்தத் தரவோடு பேச முடிந்தது. ஒரு நாள் சந்தேகத்தை மறுநாளே தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. காந்தம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும்.

எங்கள் மாணவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கட்டுரையை அனுப்பவில்லை. புதுக் கல்வம் வாங்கினோம்; அதன் அடியில் வைர ஊசியால் ‘வெள்ளீயம் மட்டும்’ என்று கீறி வைத்தார். புதிதாகச் செய்த தூளில் எஸ் கோடு வரவில்லை. டயா காந்தத்துக்குரிய சாய்வுக் கோடும், குரோமியம் தனித்தனியாக நிற்பதைக் காட்டும் சிறு வளைவும்தான். பழைய கல்வத்துக் கதையையும் இரண்டு வரைபடங்களையும் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயமாக வைத்தார். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் அதைப் பற்றியே வந்தன, பட்டமும் வந்தது. அந்த அத்தியாயத்தின் நகல் கேட்டு இதுவரை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தன் ஆய்வகத்துக் கல்வத்தில் தனக்கு முன்பு யார் யார் என்னென்ன அரைத்தார்கள் என்று பழைய குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டிக்கொண்டிருப்பதாகக் கடைசி வரியில் சேர்த்திருந்தார்.

கட்டுரையாளர்: இயற்பியல் பேராசிரியர் (ஓய்வு), சித்தூர்.